ஹொட்டேலை மூடச்சொல்லும் மனுவில் கையெழுத்து வைக்கலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: உங்கள் ஊரில், புகலிடம் கோரி வந்தவர்களைத் தங்கவைத்திருக்கும் ஒரு ஹொட்டேலை மூடச்சொல்லி மனு ஒன்று வீடு வீடாக வருகிறது. உங்கள் தமிழ் நண்பர்கள் சிலர் ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டார்கள். "நாங்கள் முறையாக வந்தோம், இவர்கள் படகில் வந்து எங்கள் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள், எல்லையை இறுக்கி மூடினால் கலவரமும் நின்றுவிடும்" என்று சொல்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை, நீங்கள் கையெழுத்து வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் கேள்வி.

நான் பல வருடங்கள் இங்கே பிரித்தானியாவில் அகதி வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் கலவரத்தை எடுத்துக்கொள்வோம். 2024 யூலை 29ஆம் திகதி சவுத்போர்ட்டில் சிறுமிகளின் நடன வகுப்புக்குள் புகுந்த ஒருவன் மூன்று பிள்ளைகளைக் குத்திக் கொன்றான். சில மணி நேரத்திலேயே ஒரு பெயர் பரவியது. முஸ்லிம் பெயர்போல ஒலித்த பொய்ப்பெயர். போன வருடம் படகில் வந்தவன், உளவுத்துறையின் பட்டியலில் இருந்தவன் என்று கதையும் சேர்ந்துகொண்டது. உண்மையில் அவன் கார்டிஃபில் பிறந்த 17 வயதுப் பையன். பெற்றோர் ருவாண்டாவிலிருந்து வந்தவர்கள். 18 வயதுக்குக் கீழ் என்பதால் பெயரை வெளியிடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நீதிபதி அதற்கு அனுமதி கொடுத்தது ஓகஸ்ட் 1ஆம் திகதி. அதற்குள் சவுத்போர்ட் பள்ளிவாசல் தாக்கப்பட்டுவிட்டது. அப்புறம் ஹார்ட்டில்பூல், சண்டர்லாண்ட், லிவர்பூல், ஹல், மிடில்ஸ்பரோ, பெல்ஃபாஸ்ட் என்று பரவியது. லிவர்பூலில் பிள்ளைகள் படிக்கும் ஒரு நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஓகஸ்ட் 4ஆம் திகதி ரொதர்ஹம் அருகேயும் டாம்வொர்த்திலும் புகலிடம் கோரியவர்கள் தங்கியிருந்த ஹொட்டேல்களைத் தாக்கினார்கள். ரொதர்ஹமில் உள்ளே ஆட்கள் இருக்கும்போதே வாசலில் தீ மூட்டினார்கள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு இலங்கையில் தமிழரின் வீடுகளை எரித்த 1983 யூலைதான் நினைவுக்கு வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் வந்திருக்கும்.

எல்லையை எவ்வளவு இறுக்கியிருந்தாலும் கார்டிஃபில் பிறந்த ஒருவனை அது தடுத்திருக்காது. தடுத்திருக்கக்கூடிய இடம் வேறு. 2019க்கும் 2021க்கும் இடையில் மூன்று தடவை அவனுடைய பெயர் தீவிரவாதத் தடுப்புத் திட்டத்துக்கு அனுப்பப்பட்டது. மூன்று தடவையும் கோப்பை மூடிவிட்டார்கள். இந்தத் தவறைப் பற்றிப் பேசுவதற்குள் நாடு முழுக்கப் படகுகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. கலவரத்தை வெளியிலிருந்து வந்த தீவிரவாதக் கும்பல்கள் திட்டமிட்டு நடத்தின என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். பொலிஸாரைக் கண்காணிக்கும் பரிசோதனை அமைப்பு பிறகு ஆராய்ந்து, வந்தவர்களில் பெரும்பாலானோர் உள்ளூர் ஆட்கள், மனக்குறையோடு இருந்தவர்கள் என்றது. அதனால், உங்கள் நண்பர்கள் சொல்வதில் "மனக்குறை இருக்கிறது" என்பது சரி. அது எதைப் பற்றிய மனக்குறை என்பதில்தான் தவறு.

இந்த விவாதத்தில் மூன்று வேறு வேறு விஷயங்களை ஒரே பானைக்குள் போட்டுக் கிண்டுகிறார்கள். குடிவரவின் மொத்த எண்ணிக்கை ஒன்று. படகில் வந்து புகலிடம் கேட்பது இன்னொன்று. குற்றம் மூன்றாவது.

மொத்த எண்ணிக்கை உண்மையிலேயே மிகவும் கூடியது. 2023இல், உள்ளே வந்தவர்களிலிருந்து வெளியே போனவர்களைக் கழித்த நிகரக் கணக்கு ஒரு வருடத்தில் 9 இலட்சத்தைத் தாண்டியது. இந்த நாட்டின் வரலாற்றில் இப்படி ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் அவர்கள் படகில் வந்தவர்கள் அல்லர். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அரசாங்கமே வகுத்த விதிகளின்படி, அரசாங்கமே கொடுத்த விசாக்களில் வந்தவர்கள்: மாணவர்கள், அவர்களின் குடும்பத்தினர், 2022இலிருந்து முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள், உக்ரைன், ஹொங்கொங் மக்கள். எங்கள் ஆட்களிலும் எத்தனை பேர் அந்தப் பராமரிப்பு விசாவில் வந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த வருடங்களில் வந்தவர்களில் படகில் வந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேரும் இல்லை. குடிவரவைக் குறைப்போம் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்லிக்கொண்டே விசாக்களை அள்ளிக் கொடுத்தவர்கள், மக்கள் கோபப்பட்டபோது படகைக் கைகாட்டினார்கள். அரசாங்கம் விதிகளை இறுக்கியதும் அந்த எண்ணிக்கை வேகமாக இறங்கிவிட்டது. 2025 யூனுடன் முடிந்த வருடத்துக்கு முதலில் வெளியான மதிப்பீடு சுமார் 2 இலட்சம். இப்படி இறங்கியதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

படகுகளின் கதை வேறு. 2018இல் சிறிய படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்தவர்கள் சுமார் 300 பேர். 2022இல் 45,000க்கு மேல். 2024இல் 36,000க்கு மேல், 2025இல் 41,000க்கு மேல். முன்பு ஆட்கள் லொறிகளுக்குள் ஒளிந்து வந்தார்கள். பிரான்சின் கலே துறைமுகத்தைச் சுற்றி வேலி போட்டு, லொறிகளைச் சோதித்து அந்த வழியை அடைக்க அடைக்க, கடத்தல்காரர்கள் கடலுக்கு மாறினார்கள். 2018இல் ஒரு படகில் சராசரியாக ஏழு பேர் வந்தார்கள். இப்போது காற்றடித்த ஒரு ரப்பர் படகில் ஐம்பதுக்கு மேல் ஏற்றுகிறார்கள். 2021 நவம்பர் 24ஆம் திகதி ஒரே இரவில் குறைந்தது 27 பேர் மூழ்கி இறந்தார்கள். 2024இல் 70க்கும் மேற்பட்டோர். பிரித்தானியா பிரான்சுக்கு, கடற்கரையைக் காவல் காக்க என்று 2023இல் மூன்று வருடத்துக்கு ஏறத்தாழ 480 மில்லியன் பவுண் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் படகுகள் வருகின்றன.

இப்போது உங்கள் ஊர் ஹொட்டேலுக்கு வருகிறேன். மக்கள் நாளாந்தம் கண்ணால் பார்ப்பது கால்வாயை அல்ல, அந்தக் கட்டடத்தைத்தான். கல்யாணம் நடந்த மண்டபம், சனி இரவில் போய்ச் சாப்பிட்ட இடம் ஒரு நாள் திடீரென்று பூட்டப்படுகிறது. யாரும் ஊராரைக் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அடுத்த நாள் வாசலில் காவலாளி. உள்ளே முன்பின் தெரியாத இளைஞர்கள். நான் அந்த ஊரில் வாழும் ஓர் ஆங்கிலேயனாக இருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

அந்த இளைஞர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள்? ஏன் வேலை வெட்டி இல்லாமல் வாசலில் நிற்கிறார்கள்? வேலை செய்ய அவர்களுக்கு அனுமதி இல்லை. வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டால் மட்டுமே கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும். சாப்பாடு கொடுக்கும் ஹொட்டேலில் இருப்பவருக்குக் கைச்செலவுக்கு வாரத்துக்கு 10 பவுணும் இல்லை. 2023 நடுப்பகுதியில் முதல் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் மட்டும் சுமார் 1,75,000 பேர். அதே வருடம் செப்டெம்பரில் ஹொட்டேல்களில் இருந்தவர்கள் 56,000. ஒரு நாளைக்கு 80 இலட்சம் பவுண் ஹொட்டேலுக்கே போனது. 2019இல் மூன்று நிறுவனங்களுக்குத் தங்குமிட ஒப்பந்தம் கொடுத்தபோது பத்து வருடத்துக்கு 4.5 பில்லியன் பவுண் என்று மதிப்பிட்டார்கள். இப்போது அது 15.3 பில்லியன் ஆகும் என்று தேசியக் கணக்காய்வு அலுவலகம் சொல்கிறது. முடிவெடுக்க வேண்டிய அலுவலகம் முடிவெடுக்காமல் இருந்ததற்கான வாடகைதான் இவ்வளவும்.

நான் மொழிபெயர்த்த ஒருவரை மறக்கமுடியாது. வவுனியாப் பக்கத்துப் பையன். முதல் நேர்முகத்துக்கே இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தவன். அதிகாரி கேட்ட திகதிகள் அவனுக்கு நினைவில்லை. தன்னைப் பிடித்துக்கொண்டுபோன மாதத்தைக்கூட அவனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "அண்ணை, வந்த உடனே கேட்டிருந்தால் எல்லாத்தையும் சொல்லியிருப்பன்" என்றான் வெளியில் வந்து. மறதியை முரண்பாடு என்று எழுதி அவனுடைய வழக்கை நிராகரித்தார்கள். மேன்முறையீட்டில் வென்றான், இன்னொரு வருடம் கழித்து. அந்த மூன்று வருடமும் அவன் ஓர் அறையில் இருந்தான், வரி கட்டுபவர்கள் காசு கொடுத்தார்கள், ஊரார் முறைத்தார்கள். இதில் யாருக்கு நன்மை?

சரி, "நாங்கள் முறையாக வந்தோம்" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைக் கேட்கும்போது எனக்கு மனம் நோகிறது. இதைச் சொல்பவர்கள் பலர் எங்கள் சொந்த வரலாற்றை அறியாமல் சொல்கிறார்கள்.

1983க்குப் பிறகு எங்கள் சனம் லண்டனுக்கு வரத்தொடங்கியதும், 1985 மேயில் பிரித்தானியா இலங்கையருக்கு விசா கட்டாயம் என்று அறிவித்தது. பொதுநலவாய நாடொன்றுக்கு அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அகதியாகப் போவதற்கு விசா என்று ஒன்று இல்லை, இன்றைக்கும் இல்லை. அப்போ என்ன வழி? ஏஜென்சிக்காரன்தான் வழி. ஊரில் காணியை விற்று, நகையை அடகுவைத்து, வேறொருவரின் பாஸ்போட்டில், மொஸ்கோ வழியாகவோ ஆபிரிக்கா வழியாகவோ வந்த கதை இல்லாத குடும்பம் எங்களில் எத்தனை? 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழரைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றப்போனபோது, அவர்கள் உடுப்பைக் கழற்றி உள்ளாடையோடு நின்று மறுத்தார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. அதற்கு அடுத்த மாதமே, விசா இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம் என்ற சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. இன்றைக்கு ஓர் அகதி விமான டிக்கெட் வாங்கி வர முடியாமல் ரப்பர் படகில் ஏறுவதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் அந்தச் சட்டமும் ஒன்று.

அதே வருடம், ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணிகள் கப்பலைக் கட்டி, அதைத் தடுப்பு முகாமாக்கினார்கள். அதில் அடைக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் தமிழர். ஒக்டோபர் புயலில் கயிறு அறுந்து கப்பல் கரைதட்டியது. அதன் பிறகுதான் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2023இல் போர்ட்லண்ட் துறைமுகத்தில் பிபி ஸ்டொக்ஹோம் என்ற மிதவையில் அகதிகளை ஏற்றியபோது இது புதுமையான திட்டம்போலப் பேசப்பட்டது. எங்களில் வயதானவர்களுக்கு அது புதுமையாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அகதிச் சட்டம் கேட்கும் "தக்க காரணமுள்ள பயம்" என்றால் என்ன என்று, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1987 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது தமிழரின் வழக்கில்தான். சிவகுமாரன் வழக்கு என்று இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். தமிழர் தோற்றார்கள். ஐந்து பேரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பிப் போனவர்களில் சிலர் அங்கே பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார்கள். 1989இல் மேன்முறையீட்டு அதிகாரி, அவர்களை அனுப்பியது தவறு, திரும்ப அழைத்துவர வேண்டும் என்று தீர்மானித்தார். அன்றைக்கும் பத்திரிகைகள் "இவர்கள் பொருளாதார அகதிகள்" என்றுதான் எழுதின. அதே சொல்லை இன்று எரித்திரியப் பையனைப் பார்த்து எங்கள் ஆட்கள் சொல்லும்போது நான் வாய் திறக்காமல் இருக்கமாட்டேன்.

அதற்காக, வருபவர்கள் எல்லோரும் அகதிகள், எல்லை என்றே ஒன்று வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொய்யான வழக்குகளும் என் காதால் கேட்டிருக்கிறேன். ஒரே கதையை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிச் சொன்ன ஆட்களுக்கும் மொழிபெயர்த்திருக்கிறேன். எல்லைப் பாதுகாப்பு ஒரு நாட்டின் கடமை. ஆனால் எது வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும். இதற்கு நல்ல உதாரணங்கள் கண் முன்னாலேயே இருக்கின்றன.

2022இல் ரஷ்யா படையெடுத்த பிறகு 2 இலட்சத்துக்கு மேற்பட்ட உக்ரேனியர்கள் பிரித்தானியாவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு விசா வழி திறந்துவிட்டார்கள், சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் அறை கொடுத்தன. கடத்தல்காரனுக்கு அவர்களிடம் வியாபாரமே இல்லை. ஹொட்டேல் முன்னால் ஆர்ப்பாட்டமும் இல்லை. வெள்ளைத் தோல் ஒரு காரணம்தான், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஒழுங்காக, அறிவித்து, பெயர் பதிந்து நடந்தது என்பதும் ஒரு காரணம்.

அல்பேனியா அதற்கு மறுபக்கம். 2022இல் படகில் வந்தவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் அல்பேனியர்கள். அந்த வருட முடிவில் இரு அரசுகளும் உடன்பாடு செய்து, வழக்குகளை வேகமாக விசாரித்து, தகுதி இல்லாதவர்களை விமானத்தில் திருப்பி அனுப்பின. அடுத்த வருடம் படகில் வந்த அல்பேனியர்கள் 1,000 பேரும் இல்லை. திருப்பி அனுப்புவோம் என்பதை நிஜமாகவே செய்தால் கடத்தல்காரனிடம் காசு கட்டும் ஆளும் யோசிப்பான்.

இவற்றோடு, படகில் வந்தவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை வைத்துப் பாருங்கள். 2022 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. புதுச் சட்டம் போட்டார்கள். 2024 யூலையில் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. அதற்குள் 700 மில்லியன் பவுண் செலவு என்று புதிய அரசு சொன்னது. போனவர்கள் நாலு பேர், அவர்களும் தாமாக விரும்பிப் போனவர்கள். இரண்டு வருடம் தொலைக்காட்சி முழுக்க அதுவே பேச்சு. அந்தக் காசில் எத்தனை விசாரணை அதிகாரிகளை வைத்திருக்கலாம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மூன்றாவது, குற்றம். இதைத் தொடாமல் போவது நேர்மை இல்லை. ரொதர்ஹமில் 1997க்கும் 2013க்கும் இடையில் சுமார் 1,400 பிள்ளைகள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள் என்று 2014இல் வெளிவந்த விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. செய்தவர்களில் பெரும்பாலோர் பாகிஸ்தானிய வம்சாவளியினர் என்பது தெரிந்தும், இனவாதிகள் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில் அதிகாரிகள் சிலர் வாய்மூடி இருந்தார்கள். ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகள் என்பதால் பொலிஸாரும் அவர்களை மதிக்கவில்லை. அந்தக் காயம் உள்ள ஊரின் பக்கத்தில்தான் 2024இல் ஹொட்டேலுக்குத் தீ வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நடந்த அநியாயத்துக்கும் அந்த ஹொட்டேலில் இருந்தவர்களுக்கும் தொடர்பில்லை. ஆனால் "எங்களிடம் உண்மையை மறைக்கிறார்கள்" என்ற சந்தேகம் அங்கே எங்கிருந்து வந்தது என்பதை நாங்கள் விளங்கிக்கொள்ளவேண்டும்.

2025 யூலையில் லண்டனுக்குப் பக்கத்து எப்பிங் என்ற ஊரில் நடந்ததும் அப்படித்தான். ஹொட்டேலில் இருந்த ஒருவர் 14 வயதுப் பிள்ளையிடம் தவறாக நடந்தார். நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்து 12 மாதச் சிறை கொடுத்தது. அந்தப் பிள்ளையின் பெற்றோர் இடத்தில் இருந்து பார்த்தால் அந்த ஊர்த் தாய்மார் வாசலில் நின்று கத்தியதில் எனக்கு வியப்பு இல்லை. பிறகு அதே ஆளைச் சிறையிலிருந்து தவறுதலாக விடுதலை செய்து, தேடிப்பிடித்து, நாடுகடத்தினார்கள். ஓர் அரசாங்கம் தன் மேல் இருந்த கடைசி நம்பிக்கையையும் இப்படித்தான் இழக்கும். குற்றம் செய்தவன் தண்டிக்கப்படவேண்டும், அனுப்பப்படவேண்டும். அவனோடு ஒரே கட்டடத்தில் இருந்த நூறு பேரும் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் குண்டு வைத்தான் என்று கொழும்பில் லொட்ஜ்களில் இருந்த தமிழரையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது 2007 யூனில். அதற்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அது ஏன் பிழை என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இனி உங்கள் மனு. ஹொட்டேல்களை மூடவேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். அங்கே இருப்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். அரசாங்கமும் 2029க்குள் மூடுவதாகச் சொல்லியிருக்கிறது. அதனால் தலைப்பைப் பார்த்து முடிவெடுக்கவேண்டாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். ஊராரைக் கேட்காமல் திறந்தது தவறு, வழக்குகளை மாதக் கணக்கில் முடிக்கவேண்டும், காத்திருக்கும் காலத்தில் வேலை செய்ய விடவேண்டும், தகுதி இல்லை என்று முடிவானவரை அனுப்பவேண்டும் என்று இருந்தால் தயங்காமல் வையுங்கள், நானும் வைப்பேன். "எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற இந்த ஆண்களை வெளியேற்று" என்று இருந்தால் வைக்காதீர்கள். அடுத்த நாள் வீதியில் உங்கள் மகன் நடந்துபோகும்போது, அவன் இங்கே பிறந்தவனா, படகில் வந்தவனா என்று யாரும் நின்று கேட்கப்போவதில்லை. 2024 ஓகஸ்டில் மிடில்ஸ்பரோவில் காரை மறித்தவர்கள் ஓட்டுநரிடம் வெள்ளையனா, ஆங்கிலேயனா என்றுதான் கேட்டார்கள்.

மனுவைக் கொண்டுவந்த அயலவரோடு ஒரு தேநீர் குடிக்க முடியுமென்றால் குடியுங்கள். உங்கள் அப்பா எந்த வழியால் வந்தார் என்று அவரிடம் சொல்லுங்கள்.